இருபது நிமிடச் சிறப்புரை

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ரோட்டரி, அரிமா சங்கச் செய்திகளுக்கென்று மாறாத ஒரு வார்ப்பு உண்டு. தலைவர் தலைமை வகித்தார், செயலாளர் வரவேற்றார், சிறப்பு விருந்தினர் சிறப்புரை ஆற்றினார், ஏழை எளியோருக்கு நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன, பொருளாளர் நன்றி கூறினார். வாசகர் கண் நிற்பது தையல் இயந்திரத்திலும் சக்கர நாற்காலியிலும்தான். சிறப்புரை என்ற சொல்லை அது தாண்டிப் போய்விடும். சங்கத்துக்காரர்களில் பலருக்கும் அது பொன்னாடைக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட காத்திருப்பு. ஆனால் இந்தச் சங்கங்களின் நூற்றாண்டைக் கடந்த வரலாற்றைப் புரட்டினால், பெயர் சொல்லும்படி அவை செய்த காரியங்களில் பெரும்பாலானவை அந்தச் சொல்லிலிருந்துதான் புறப்பட்டிருக்கின்றன. தொடங்கியவர்கள் மனத்தில் சேவை என்று எதுவும் இருக்கவில்லை. வாராவாரம் கூடுவோம், கூடினால் யாராவது பேசியாக வேண்டும் என்ற ஏற்பாட்டின் வழியேதான் சேவை உள்ளே வந்தது. நல்லவர்கள் கூடியதால் சங்கம் உண்டானது என்று ஆண்டு மலர்களில் எழுதுவார்கள். வரலாறு காட்டும் வரிசை வேறு.

1905 பிப்ரவரி 23 அன்று மாலை, சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர், சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வியாபாரி, கஸ்டாவஸ் லோயர் சுரங்கப் பொறியாளர், ஹைரம் ஷோரி தையற்கடை வைத்திருந்தவர். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த ஹாரிஸுக்குப் பெருநகரத்தில் தொழில் இருந்தது, உறவு இல்லை. தெரிந்தவரிடம் துணி தைத்து, தெரிந்தவரிடம் நிலக்கரி வாங்கும் சிற்றூர் வழக்கத்தைச் சிகாகோவுக்குள் கொண்டுவர நினைத்தார். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஆட்கள் பெருகியதும் கூட்டம் ஓட்டலுக்கும் மதிய உணவுக்கும் மாறியது. 1906இல் எழுதிய விதிகளில் இருந்தவை இரண்டே நோக்கங்கள். உறுப்பினர்களின் வியாபாரத்தை வளர்ப்பது முதலாவது, நட்பை வளர்ப்பது இரண்டாவது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் தந்தார் என்பதைக் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலப் பதிந்து வைக்க ஓர் ஆளையும் அமர்த்தியிருந்தார்கள். ஊருக்கு உழைப்பது பற்றி அந்த விதிகளில் ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் சுயநலத்துக்காகப் போட்ட விதிகள் இரண்டு, போட்டவர்கள் நினைத்துப் பார்க்காத வேலையைச் செய்தன. ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே உறுப்பினர் என்பது முதல் விதி. இரண்டு நிலக்கரிக்காரர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால் வியாபாரம் பங்குபடும் என்பதுதான் அதற்குக் காரணம். விளைவோ, ஒரு மருத்துவர், ஓர் அச்சக உரிமையாளர், ஒரு வங்கிக்காரர், ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் என்று நகரத்தின் தொழில் வரைபடமே ஓர் அறைக்குள் வந்து அமர்ந்தது. தன் தொழிலைப் பற்றிப் பேசக் கூடத் துணையில்லாத இடம் என்பதால், ஒவ்வொருவரும் அதை அறியாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. தொடக்ககாலப் பேச்சாளர்கள் உறுப்பினர்களே. அந்தச் சரக்கு எத்தனை வாரம் தாங்கும்? வாரம் ஒரு கூட்டம் என்றால் ஆண்டுக்கு ஐம்பது பேச்சு வேண்டும். வெளியாட்களைத் தேடித்தான் ஆக வேண்டும். வருகை பற்றியது இரண்டாவது விதி. தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் பதவியை இழப்பார். வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு ஈடுசெய்யலாம். ஆக, வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு மண்டப வாடகை இல்லாமல், துண்டறிக்கை அடிக்காமல், காதும் கையும் பணப்பையும் உள்ள ஒரு சபை தயாராகக் காத்திருந்தது. எந்தப் பொதுக்கூட்ட மேடையும் அவருக்கு அதைத் தந்திருக்காது.

அந்த அறைக்குள் வெளிக்காற்று முதலில் நுழைந்ததே ஒரு மறுப்பின் வழியாகத்தான். 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகச் சேர அழைத்தார்கள். உறுப்பினருக்கு மட்டுமே பயன்படும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகே சிகாகோ நகரத்தின் நலன் மூன்றாவது நோக்கமாகச் சேர்ந்தது, கார்ட்டரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவர்கள் கையிலெடுத்த முதல் பொதுக்காரியம் கழிப்பறை. நகராட்சிக் கட்டடத்தின் அருகே பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டார்கள். மதுக்கடைகளுக்குச் சரக்கு தந்த நிறுவனங்களும் பெரிய பல்பொருள் அங்காடிகளும் எதிர்த்தன. தங்களிடம் உள்ள கழிப்பறையே போதும் என்றார்கள். அந்த வசதியை நாடி உள்ளே வருபவர் ஏதாவது வாங்காமல் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 1909இல் கழிப்பறை திறக்கப்பட்டது. சங்கம் தானே கட்டி நடத்தவில்லை. மற்ற அமைப்புகளைக் கூட்டியது, நகராட்சியை நெருக்கியது. கூட்டத்தில் கேட்ட ஒரு சொல்லை ஊர்க்காரியமாக்கும் வழிமுறை இங்கேயே உருவாகிவிட்டது. ஆனாலும் ஒரு கழிப்பறையை வைத்து என் வாதத்தை நிறுவிவிட முடியாது என்பது தெரியும்.

ஒஹையோ மாநிலத்தில் எலிரியா என்ற ஊரில் மர வியாபாரம் செய்தவர் எட்கர் ஆலன். 1907இல் அங்கு நடந்த டிராம் விபத்தில் இறந்தவர்களில் அவருடைய மகனும் ஒருவன். அடிபட்டவர்களைச் சேர்க்க ஊரில் சரியான மருத்துவமனை இல்லை. ஆலன் வியாபாரத்தை விட்டு, பணம் திரட்டி மருத்துவமனை கட்டினார். கால் கை ஊனமான குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருப்பதை அந்த வேலையில்தான் கண்டார். ஓர் ஊரில் ஒரு மருத்துவமனை கட்ட ஒரு மனிதரால் முடிந்தது. ஒரு மாநிலம் முழுவதும் வீடு வீடாகத் தேட முடியுமா? ஆலன் ரோட்டரி சங்கங்களைத் தேடிப் போய்ப் பேசினார். கேட்டவர்களில் எலும்பு மருத்துவரைத் தெரிந்தவர் இருந்தார், வண்டி வைத்திருந்தவர் இருந்தார், பத்திரிகைக்காரர் இருந்தார். 1919இல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒஹையோ சங்கம் அமைந்தது. சில ஆண்டுகளில் அது பன்னாட்டுச் சங்கமாக வளர்ந்தது. 1934இல் கிளீவ்லாந்துக் கேலிச்சித்திரக்காரர் டானஹே வரைந்த சிறு ஒட்டுவில்லைகளை ஈஸ்டர் பருவத்தில் விற்றுப் பணம் திரட்டினார்கள். கடித உறையில் ஒட்டிக்கொள்ளும் அந்த வில்லையின் பெயரே பிறகு அமைப்பின் பெயராகிவிட்டது. நிதி திரட்டும் கலையில் இது ஒரு திருப்பம். நாலு பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, ஒரு செண்ட், இரண்டு செண்ட் என்று லட்சக்கணக்கானவரிடம் வாங்குவது.

ஆலனின் பேச்சு கிளப்பிய சூட்டில் ரோட்டரிக்குள்ளேயே சண்டை வந்தது. எல்லாச் சங்கங்களும் ஊனமுற்ற குழந்தைகள் என்ற ஒரே பணியை ஏற்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். தலைமையகம் பணியைத் தீர்மானித்தால் சங்கம் வசூல் அலுவலகமாகிவிடும் என்றார்கள் மற்றவர்கள். 1923இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் 34ஆம் தீர்மானம் இதைத் தீர்த்து வைத்தது. எந்தப் பணியை ஏற்பது என்பதை அந்தந்தச் சங்கமே முடிவுசெய்யும், தலைமையகம் யோசனை மட்டும் சொல்லலாம். ரோட்டரி வரலாற்றை எழுதுபவர்கள் இதை நிர்வாகச் செய்தியாகக் கடந்துவிடுவார்கள். என் கணக்கில் அந்த அமைப்பு எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான். பணி முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட கூட்டத்துக்குப் பேச வருபவர் வெறும் அலங்காரம். தீர்மானமாகாத கூட்டத்துக்கு வருபவரிடம் ஊரைத் திருப்பும் வாய்ப்பு இருக்கிறது. அந்தந்த ஊரில் எது குறை என்று சொல்ல வருபவருக்கு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தது அந்தத் தீர்மானம்.

ஒரே பேச்சு ஓர் அமைப்பு முழுவதையும் திருப்பியதற்கும் சான்று உண்டு. லயன்ஸ் என்னும் அரிமா சங்கம் 1917இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தரகரின் முயற்சியில் உருவானது. அதுவும் வியாபாரிகளின் மதிய உணவு வட்டத்திலிருந்து கிளைத்ததுதான். எட்டு ஆண்டுகள் ஊருக்கு ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தது. 1925 ஜூன் 30 அன்று ஒஹையோவின் சீடார் பாயின்டில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையும் செவியும் இல்லாத அவர், பார்வையற்றோருக்காகப் போராடும் படையாக நீங்கள் மாற மாட்டீர்களா என்று கேட்டார். பேச்சு நீளமானதுகூட இல்லை. அன்று முதல் கண்தான் அரிமாக்களின் அடையாளம். 1930இல் இல்லினாய் மாநிலம் பியோரியாவில் ஓர் அரிமா, கறுப்புக் கோலுடன் சாலை கடக்கத் தடுமாறிய பார்வையற்றவர் ஒருவரை வண்டியோட்டிகள் கவனிக்காததைப் பார்த்து, கோலுக்கு வெள்ளை நிறமும் சிவப்புப் பட்டையும் பூசும் யோசனையைச் சங்கத்தில் வைத்தார். அந்த நகராட்சி அதற்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தது. 1956இல் இந்தியாவின் முதல் லயன்ஸ் சங்கம் பம்பாயில் தொடங்கியபோது, கண் என்ற பணியும் கூடவே வந்து இறங்கியது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் இலவச முகாம்களுக்கு ஊர் ஊராக இடம் பிடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, சாப்பாடு போட்டு, நோயாளிகளை வண்டியேற்றி அனுப்பியவர்களில் அரிமா, ரோட்டரி சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். கத்தி பிடித்தது மருத்துவமனை. கூட்டம் கூட்டியது சங்கம்.

இதையெல்லாம் பொறுக்கி எடுத்த உதாரணங்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஆயிரம் கூட்டங்களில் ஒன்றில் ஹெலன் கெல்லர் வந்தார், மீதி 999இல் யார் வந்தார்கள்? நியாயமான கேள்வி. சின்க்ளேர் லூயிஸ் 1922இல் எழுதிய ‘பாபிட்’ நாவல் இந்த வகை மதிய உணவுச் சங்கங்களைத்தான் கிழித்துப் போட்டது. தோளில் தட்டிக்கொள்வது, கோஷ்டியாகப் பாடுவது, தன் ஊர்ப் பெருமை பேசுவது, மனத்தில் எதுவும் ஒட்டாத பேச்சுகளுக்குக் கைதட்டுவது. அந்தக் கிண்டலில் பொய் இல்லை. நம் ஊர்க் கூட்டங்களிலும் மன அழுத்தம், நேர மேலாண்மை, வெற்றிக்கு ஏழு படிகள் என்று கேட்ட மறுநிமிடம் மறந்துபோகும் பேச்சுகள்தான் மிகுதி. ஆனால் எந்த வாரத்துப் பேச்சு பலிக்கும் என்பது முன்கூட்டித் தெரிந்தால் அந்த ஒரு வாரம் மட்டும் கூடினால் போதுமே. எலிரியா மர வியாபாரி பேசப் போகிறார் என்ற அறிவிப்பைப் பார்த்து ஊனமுற்ற குழந்தைகளின் மருத்துவ வரலாறு மாறப்போகிறது என்று யார் ஊகித்திருப்பார்? 999 வெற்றுப் பேச்சுகளையும் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் இருந்ததால்தான் ஆயிரமாவது பேச்சுக்கு ஆள் இருந்தது. அந்தப் பழக்கத்தின் விலை அது. சற்று அதிக விலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு. அறைக்குள் யாரை விட்டார்கள்? பேச அழைத்தவர்களை உறுப்பினராக அழைத்தார்களா? ஹெலன் கெல்லர் பேசிய அரிமா சங்கம் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றது 1987இல். அவர் இறந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரோட்டரியின் கதை இன்னும் கேவலம். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர்ச் சங்கம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரியிலிருந்து நீக்கப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அமெரிக்கச் சங்கங்களில் கறுப்பினத்தவர் பல பத்தாண்டுகள் கண்ணில் படவே இல்லை. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே மியூனிக் ரோட்டரி சங்கம் தன் உறுப்பினர் தாமஸ் மன்னைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அவர். நான்கு ஆண்டுகளில் ஜெர்மானியச் சங்கங்களே இல்லாமல் போயின. பேச்சைக் கேட்கும் பழக்கம் மட்டும் எந்தச் சபையையும் நேர்மையாக்கிவிடாது என்பதற்கு மியூனிக் போதும். என் வாதம் அந்தச் சபைகள் நல்லவை என்பதல்ல. கேட்டவர்கள் எல்லைக்குள் இருந்தார்கள், எல்லைக்கு வெளியிலிருந்து வந்த பேச்சு அவர்களை நகர்த்தியது என்பதே. எல்லை குறுகியதாக இருந்த இடத்தில் நகர்வும் குறுகியது. நிதியும் முகாமும் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தன, வாக்கு மட்டும் சேரவில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால் இந்த எல்லைப் பிரச்சினை வேறு வடிவம் எடுக்கிறது. 1928 முதல் 1931 வரை ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடாக்காரர் மனைவி, மகளுடன் ஏதென்ஸ், கெய்ரோவிலிருந்து சிங்கப்பூர் வரை பயணம் செய்து இருபதுக்கும் மேற்பட்ட ரோட்டரி சங்கங்களை அமைத்தார். சென்னையிலும் கொழும்பிலும் 1929இல் சங்கங்கள் தொடங்கியது அந்தப் பயணத்தில்தான். கல்கத்தாவில் அதற்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. ஆசிய நகரங்களில் ஐரோப்பியரும் உள்ளூராரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் டேவிட்சன் பிடிவாதமாக இருந்தார். மெட்ராஸ் கிளப் இந்தியர்களைச் சேர்க்காமலே இருந்த காலம் அது. அந்தப் புறக்கணிப்பின் நடுவே 1873இல் காஸ்மாபாலிடன் கிளப் உருவான ஊர் இது. அந்த ஊரில் வெள்ளைக்கார வியாபாரியும் இந்திய வழக்கறிஞரும் ஒரே மேசையில் உண்டு ஒரே பேச்சைக் கேட்பது சிறிய செய்தி அல்ல. ஆனால் அந்த மேசையில் இருந்த இந்தியர் எந்த வர்க்கம் என்றும் கேட்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்து, மதிய வேளையில் தொழிலை விட்டு வரக்கூடிய வசதியும் உள்ளவர். இன எல்லையைத் தாண்டிய சங்கம் வர்க்க எல்லையைத் தாண்டவில்லை.

போலியோவைச் சொல்லாமல் இந்த வாதம் முழுமை பெறாது. 1978–79இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் கிளெம் ரெனூப், பெரியம்மை ஒழிந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த ரோட்டரி உறுப்பினர் ஜான் செவரிடம் அடுத்து எந்த நோய் என்று கேட்டார். போலியோ என்றார் செவர். 1979 செப்டம்பர் 29 அன்று பிலிப்பைன்ஸின் மகாட்டியில் முதல் சொட்டு விழுந்தது. 60 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து தரும் திட்டம் அது. 1985இல் உலகம் முழுவதற்குமான திட்டம் அறிவித்து 12 கோடி டாலர் திரட்டப் புறப்பட்டார்கள். 1988இல் 24.7 கோடி சேர்ந்திருந்தது. இதற்காக 1923ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் உணர்வையே மீறி எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே பணி என்றார்கள். உள்ளுக்குள் முணுமுணுப்பும் இருந்தது. போலியோவை ஒழித்தது அரசுகளும் உலகச் சுகாதார நிறுவனமும் வீடு வீடாகப் போன ஊழியர்களும்தானே, சங்கத்துக்கு என்ன பங்கு என்ற ஆட்சேபம் இங்கே வரும். செலவிலும் உழைப்பிலும் அது உண்மை. ஆனால் வரிசையைப் பாருங்கள். போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று உலகச் சுகாதார மாநாடு தீர்மானித்தது 1988 மே மாதம். சங்கம் மூன்று ஆண்டு முந்தியது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களின் தொடக்கத்திலேயே ரோட்டரி சங்கத்தின் துணையோடு ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து தரும் முறையை நடத்திக் காட்டினார். 1995இல் நாடு முழுவதும் வந்த பல்ஸ் போலியோவுக்கு அந்த ஊர் முன்னோடி. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச் 27 அன்று நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

இப்போது அந்தப் பழைய விதிகள் தளர்ந்துவிட்டன. 2016இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் வாரக் கூட்டக் கட்டாயத்தை நீக்கியது. மாதம் இரண்டு கூட்டம் போதும், வருகையையும் சங்கமே தன் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு மதியத்தை இளைஞர்களால் ஒதுக்க முடியவில்லை, உலகளவில் உறுப்பினர் எண்ணிக்கை 12 லட்சத்தில் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் அதன்பின் கூட்டங்கள் எதில் நிறைகின்றன என்பதைக் கவனித்தால் போதும். பதவியேற்பு விழா, மாவட்ட ஆளுநர் வருகை, விருது வழங்கல், குடும்ப விழா. வாரக் கூட்டம் நடந்த காலத்தில் பேச ஆள் கிடைக்காமல் செயலாளர் திண்டாடுவார். அந்தத் திண்டாட்டத்தில்தான் ஊரின் பள்ளித் தலைமையாசிரியரும் காசநோய் மருத்துவரும் கண்பார்வையற்றோர் பள்ளிக்காரரும் மேடைக்கு வந்தார்கள். பாதிக் கூட்டங்கள் குறைந்தபோது செயலாளருக்கு அந்தத் திண்டாட்டம் தீர்ந்தது. முதலில் வெட்டு விழுந்தது விருதுப் பட்டியலில் அல்ல, சிறப்புரை நேரத்தில்.